ஆம் என்று அழுத்தும் முன்

அவள் என் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை உடைத்திருக்கிறாள். முதல் முறை உடைத்தது நாங்கள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தம் ஆறு பேர். சிறிய கிளினிக்குகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்போம். நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்து, கேமரா வழியாக டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். நான் நிரல் எழுதுபவன். அவள் அதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவள். இருவருக்கும் ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து மேசை.

அன்று நான் எழுதிய தளத்தை அவள் தன் கணினியில் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல, யாரோ உங்கள் தகவலைத் திருடப் பார்க்கலாம் என்ற எச்சரிக்கை. எங்களைப் போன்றவர்கள் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்போம். கீழே சின்ன எழுத்தில், பரவாயில்லை உள்ளே போ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் அழுத்தவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸைப் பிடித்து நானே அழுத்தினேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கை மட்டும் பின்னால் வந்தது. கண்ணாடி நடுவில் முறிந்து இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் சொட்டியது.

"நான் படிச்சுட்டு இருக்கேன்ல," என்றாள். டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ முழுசா படிச்சியா அதை?"

"அது நம்ம மெஷின் லா. நாமளே செஞ்ச சர்ட்டிஃபிகேட். அதான் கத்துது."

"நாமளே செஞ்சதுதான்னு யாரு சொன்னா?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அவள் கேட்டதில் தப்பில்லை. ஓர் இணையத்தளத்தைத் திறந்ததும் பிரவுசர் அதனிடம் முதலில் கேட்பது, நீ யார் என்பதைத்தான். தளம் தன் சான்றிதழைக் காட்டும். அதில் பிரவுசருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் கையெழுத்து இருந்தால் உள்ளே விடும். எங்கள் மேசைமேல் இருக்கும் கணினிக்கு எந்தப் பெரிய நிறுவனமும் கையெழுத்துப் போட்டுத் தராது. ஆகவே நாங்களே ஒரு சான்றிதழ் செய்து, நாங்களே அதில் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். நான் நான்தான் என்று நானே சொல்வது மாதிரி. பிரவுசர் கத்தாமல் என்ன செய்யும்?

கத்தாமல் இருக்க ஒரு வழி உண்டு. கையெழுத்துப் போடும் நிறுவனம் ஒன்றை நாமே நம் கணினிக்குள் உருவாக்கிவிடலாம். அதை ரூட் என்போம். அந்த ரூட்டை நம்பு என்று கணினியிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்த ரூட் கையெழுத்துப் போட்ட எதைக் காட்டினாலும் பூட்டுப் படம் வரும், சிவப்பு வராது. என் முறிந்த கண்ணாடியை செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டு அன்றே இதற்கெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு கட்டளை தட்டினால் ரூட், சாவி, சான்றிதழ் மூன்றும் தயாராகிவிடும். ரூட்டுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டிய இடத்தில் விளையாட்டாக 'ரஃபீக் லோக்கல்' என்று என் பெயரையே போட்டேன்.

அவள் கணினியில் அதைப் பதிக்க என்னை விடவில்லை. ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தாள். மூன்று கேள்வி கேட்டாள். கடைசியாகக் கணினி, இதை நிச்சயமாக நம்பவேண்டுமா, ஆபத்து உண்டு என்று ஒரு பெட்டியைக் காட்டியபோது அதையும் முழுக்கப் படித்துவிட்டு, அவள் கையாலேயே 'ஆம்' அழுத்தினாள்.

அவள் இப்படித்தான். பார்ப்பாள், கேட்பாள், தெரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு அடிப்பதாக இருந்தால் அடிப்பாள்.

தேக்கா சந்தையின் உணவங்காடியில் ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டு எடுக்கும் வயதான சீன அம்மா ஒருவர் மேசைகளுக்கிடையே விழுந்துகிடந்தார். பக்கத்தில் ஒரு தடித்த ஆள், கையில் பியர் போத்தல், ஏதோ திட்டிக்கொண்டு நின்றான். இவள் எழுந்து போனாள். முதலில் அந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள். தனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில், நீங்களாக வழுக்கி விழுந்தீர்களா, இவன் தள்ளினானா என்று கேட்டாள். அம்மா அவன் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த மேசையில் இருந்தவரிடமும் கேட்டாள். அவரும் தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு வந்து, என் பிரியாணித் தட்டு இருந்த ட்ரேயை எடுத்து, பிரியாணியை மேசையில் கொட்டிவிட்டு, அந்த ட்ரேயின் விளிம்பால் அவன் காதோரம் அடித்தாள். அவன் சரிந்து உட்கார்ந்தான். இரண்டாவது அடி தேவையே இல்லை. அதையும் அடித்தாள். மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை இரும்புக் கம்பி மாதிரி விறைத்திருந்தது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

அவள் கணவனிடம் அடி வாங்கியும் வருவாள்.

உதடு வீங்கி வந்தால் யாரும் கேட்பதற்கு முன் அவளே சொல்லிவிடுவாள். "அவன் அடிச்சான்." மணிக்கட்டில் பேண்டேஜ் இருந்தால், "முறுக்கிட்டான்." சொல்லிவிட்டுக் கணினியைத் திறப்பாள். படியில் வழுக்கிவிட்டேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்றெல்லாம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"வெளிய வந்துடலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மார்சிலிங் வீடு என் பேர்லயும் இருக்கு. நான் ஏன் போகணும்? நானும் சும்மா இருக்கலையே. நேத்துலேருந்து அவன் பல்லு ஒண்ணு ஆடுது."

இதைச் சொல்லி அவள் சிரித்ததால், நானும் சிரித்தேன். இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், இது அவர்கள் வீட்டு விவகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அடிப்பதை என் மூக்கிலும் தேக்காவிலும் பார்த்தவன் நான். அடி வாங்குவதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்திருக்கும். அவன் பல் ஆடியது. அவளுக்கு அந்த வருடத்தில் இரண்டு விலா எலும்பு முறிந்தது.

அவள் கணவனை எங்களுக்கெல்லாம் பிடிக்கும். ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலை. உயரமாக, சுத்தமாக உடுத்தி, மெதுவாகப் பேசுவான். சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போக வரும்போது ஆறு பேருக்கும் கறிபப் வாங்கி வருவான். படியேறும்போதே, "அஸ்ஸலாமு அலைக்கும் ப்ரோ," என்று என்னைப் பார்த்துச் சொல்வான். என் வாப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனைக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அவள்கூட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, அவள் விடுப்பில் இருந்த நாள், அவன் மட்டும் வந்தான். கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். பையிலிருந்து தன் லேப்டாப்பையும் இன்னொன்றையும் எடுத்தான்.

"ப்ரோ, ஒரு ஹெல்ப். வீட்ல ஒரு சின்ன சர்வர் வச்சிருக்கேன். குடும்ப போட்டோ எல்லாம் போட. திறந்தாலே பிரவுசர் சிவப்பா கத்துது. உங்க ஆபீஸ்ல ஏதோ ஸ்கிரிப்ட் இருக்காமே?"

"இருக்கு ப்ரோ. ரெண்டு நிமிஷ வேலை. இந்த இன்னொண்ணு யாரோட லேப்டாப்?"

"அவளோடதுதான். வெடிங் டே வருது. பழைய போட்டோ எல்லாம் ஏத்தி சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு. அவ மெஷின்ல வார்னிங்கே வரக்கூடாது ப்ரோ. வந்தா ஆயிரம் கேள்வி கேப்பா. உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும் என்று சிரித்தேன். அவன் லேப்டாப்பில் ரூட்டையும் சாவியையும் உருவாக்கிக் கொடுத்தேன். அவள் லேப்டாப்பில் அந்த ரூட்டைப் பதித்தேன். பாஸ்வேர்டை அவனே தட்டினான். நம்பவேண்டுமா, ஆபத்து உண்டு என்று அந்தப் பெட்டி வந்தது. நான் பேச்சு சுவாரசியத்தில் 'ஆம்' அழுத்தினேன்.

எல்லாம் முடிந்த பிறகு, பெரிய மனிதன் மாதிரி அவனுக்கு ஒரு புத்தியும் சொன்னேன். "இந்தச் சாவியை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க ப்ரோ. இது கையில இருந்தா, நடுவுல நின்னு அந்த லேப்டாப்ல போற வர்ற எல்லாத்தையும் படிக்கலாம். மெயில், பேங்க், எல்லாம். லேப்டாப்புக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்படியா?" என்றான். "அவ்வளவு டேஞ்சரா?" தே தாரிக்கை ஒரு வாய் குடித்தான். "சரி லா ப்ரோ. பத்திரமா வச்சுக்கறேன்."

அடுத்த சில மாதங்களில் அவளுக்கு விழுந்த அடி மாறியது. முன்பெல்லாம் சண்டை முற்றி அடிப்பான். இப்போது சண்டையே இல்லாமல் அடித்தான். ஒரு காலை அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் காது இரண்டு நாளாகக் கேட்கவில்லை என்றாள்.

"சோறு போட்டுட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னு, 'தீபாவளிக்குள்ள வெளிய வந்துடுவேன், ரூம் பாத்துட்டேன்'னு சொன்னான். சொல்லிட்டு அறைஞ்சான். ரஃபீக், அது என் வரி. என் தங்கச்சிக்கு நான் மெயில்ல எழுதின வரி. ஒரு வார்த்தை மாறல."

வெளியே வருவதற்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஃபோனை அவன் தினமும் எடுத்துப் பார்ப்பான். அலுவலகக் கணினியில் சொந்த மெயில் திறக்கக்கூடாது என்று விதி, அதை அவள் மீறமாட்டாள். ஆகவே தங்கைக்கும் குடும்பச் சேவை நிலையத்தில் ஓர் அதிகாரிக்கும் வீட்டு லேப்டாப்பிலிருந்துதான் எழுதிவந்தாள். பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றினாள். அப்படியும் அவனுக்குத் தெரிந்தது. மூன்றாவது முறை, அவள் எழுதிய ஒரு முழுப் பத்தியை ஒப்பித்துக்கொண்டே, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி அடித்தான். விலா முறிந்தது அன்றுதான்.

"தங்கச்சிதான் அவன்கிட்ட சொல்றா," என்றாள், கட்டோடு வேலைக்குத் திரும்பிய அன்று. "வேற யாருக்கும் தெரியாது."

"கேட்டியா?"

"கேட்டேன். இல்லவே இல்லைங்கறா. அவ இல்லைன்னா வேற யாரு, நீயே சொல்லு."

எனக்கு அந்தக் கணத்தில் ஏதும் உறைக்கவில்லை என்று எழுத ஆசைதான். உறைத்தது. கோப்பிக்கடை மேசையும் அந்த லேப்டாப்பும் கண்முன் வந்தன. சே, அப்படியெல்லாம் இருக்காது என்று உடனே தள்ளிவிட்டேன். "அவளாத்தான் இருக்கும்," என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலில், பிரசாத வரிசையில் நின்ற தங்கையை அவள் எல்லார் முன்னாலும் அறைந்தாள். ஒருமுறை இல்லை. தங்கையின் மூக்குத்தி பிய்ந்து இரத்தம் கொட்டியது. யாரோ இரண்டு பெண்கள் இவளைப் பிடித்து இழுத்தார்கள். தங்கை ஒரு வார்த்தை திரும்பப் பேசவில்லை, கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள் என்று திங்கட்கிழமை இவளே என்னிடம் சொன்னாள். அப்பா அம்மா இல்லாத பெண்கள். அந்தத் தங்கையை இவள்தான் படிக்கவைத்தாள். அதற்குப் பிறகு இவள் செய்த எந்த அழைப்பையும் தங்கை எடுக்கவில்லை.

உண்மை வெளியே வந்தது ஒரு சில்லறைக் காரணத்தால். அலுவலகத்தில் அவள் கணினி பழுதாகி, இரண்டு நாளைக்குச் சொந்த லேப்டாப்பில் வேலை பார்க்கும்படி முதலாளி சொன்னார். எங்கள் தளத்தைச் சோதிக்க அதில் அலுவலக ரூட்டைப் பதிக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஸ்கிரிப்டை ஓட்டியிருப்பார்கள். அவள், இந்தக் கணினி யாரையெல்லாம் நம்புகிறது என்ற பட்டியலைத் திறந்து மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"ரஃபீக்."

"ம்."

"இதுல உன் பேரு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். 'ரஃபீக் லோக்கல்'. பக்கத்தில், அதை உருவாக்கிய கணினியின் பெயர். அவள் கணவனுடையது. தேதியும் இருந்தது. அவள் காதில் அறை விழுவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

சிவப்பு வந்திருந்தால் அவள் படித்திருப்பாள். சிவப்பு வராதபடி நான் செய்து கொடுத்திருந்தேன். அத்தனை மாதமும் அவள் மெயிலைத் திறந்தபோதெல்லாம் பூட்டுப் படம் வந்தது. வீட்டு இணைய இணைப்பின் நடுவில் நின்று அவன் காட்டிய போலிச் சான்றிதழில் எல்லாம் என் பெயர் இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். கோப்பிக்கடை, போட்டோ, சர்ப்ரைஸ், கடைசியில் நான் சொன்ன புத்தி, எல்லாவற்றையும். அவள் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் கேள்விகள் கேட்டாள். சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பில், அவனிடம் வேறு யார் ரூட்டாவது இருக்கிறதா, தங்கை அனுப்பிய பதில்களையும் படித்திருப்பானா. படித்திருப்பான் என்றேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பேனாவை மூடினாள். மூடிவிட்டு என்னை அறைந்தாள். கண்ணாடி பறந்து சுவரில் அடித்து விழுந்தது. விழுந்ததைக் காலால் மிதித்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்து மிதித்தாள். கீழே பாத்திரக்கடைக்காரர் என்ன சத்தம் என்று படியேறி வந்தார்.

"யாருக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா? ஒரு மெசேஜ். 'உன் லேப்டாப்பை தொடலாமா'ன்னு ஒரு மெசேஜ்."

நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

உடனே தங்கையை அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். நான்கு தடவை.

"இன்னிக்கு வீட்டுக்குப் போகாதே," என்றேன். "போலீஸ் போஸ்ட்டுக்குப் போகலாம், நானும் வந்து சொல்றேன்."

"பாஸ்போர்ட்டு, டிப்ளமா, பாலிகிளினிக் ரிப்போர்ட் எல்லாம் அரிசி டப்பாவுக்கு அடில இருக்கு. நானும்தான் அவனை அடிச்சிருக்கேன். ரிப்போர்ட் இல்லாம நான் சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பலையே."

அன்றும் மறுநாளும் அவள் வீட்டுக்குப் போனாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி சமைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை, அவன் படிப்பான் என்று தெரிந்தே, அந்த லேப்டாப்பிலிருந்து தங்கைக்கு ஒரு மெயில் எழுதினாள். நாளைக் காலை பதினொரு மணிக்கு டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன், பையோடு வருகிறேன், அங்கிருந்து உன்னோடு வந்துவிடுகிறேன், நான் உன்னை அடித்தது தப்பு, வா. அவன் அவளைப் பிடிக்க டோபி காட் போவான். அந்த நேரத்தில் மார்சிலிங் வீட்டில் ஆள் இருக்காது. இதுதான் கணக்கு.

"உன் தங்கச்சி நிஜமா வந்துட்டா?" என்று நான் கேட்டிருந்தேன்.

"என் ஃபோனையே எடுக்கல. மெயிலையா திறக்கப் போறா? எல்லாத்தையும் பிளாக் பண்ணிருப்பா."

அதை மட்டும் அவள் சரிபார்க்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணியிலிருந்து மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நான் காத்திருந்தேன். அவன் கிளம்பி ஒரு மணி நேரம் ஆன பிறகு, இனி திரும்பமாட்டான் என்று அவள் செய்தி அனுப்பியதும் மேலே போனேன். அரிசியைத் தரையில் கொட்டி டப்பாவின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அவன் கணினியை ஒயர்களோடு பிடுங்கித் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "இதை ஒண்ணும் பண்ணக்கூடாது. சாவி இதுலதான் இருக்கு," என்றாள். எல்லாம் பதினைந்து நிமிடம். வாசல்வரை வந்துவிட்டோம். அங்கிருந்து திரும்பிப் போனாள். சமையலறையிலிருந்து இஞ்சி இடிக்கும் கல்லுலக்கையை எடுத்துவந்து, ஹாலில் இருந்த தொலைக்காட்சியை அடித்தாள். பிறகு கண்ணாடி அலமாரி. பிறகு சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ. கண்ணாடிச் சில் தெறித்து அவள் புருவத்தில் கீறி இரத்தம் வழிந்தது. துடைக்கவில்லை. தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். இத்தனை வருடம் அந்தச் சுவர் வழியாக அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

அப்போது அவள் ஃபோன் அடித்தது. தெரியாத எண். பேசியவர் நிலைய ஊழியர். ஒரு பெண்ணை அடித்துப் போட்டிருக்கிறார்கள், அவள் ஃபோனில் அக்கா என்று இந்த எண் இருக்கிறது என்றார்.

தங்கை வந்திருந்தாள். பத்தரைக்கே வந்து நிலைய வாசலில் நின்றிருக்கிறாள். அவன் வந்ததும், "அக்கா எங்க?" என்று அவனிடமே கேட்டிருக்கிறாள். அவன் அவள் பக்கத்திலேயே கைகட்டி நின்று பதினொன்றரைவரை காத்திருந்தான். அதற்குப் பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. தங்கையின் பின்னந்தலையைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் மோதினான். கீழே விழுந்தவளின் முகத்தை உதைத்தான். தாடை உடைந்தது. கட்டுமானத் தொழிலாளிகள் இருவரும் ஒரு சீனப் பெரியவரும் பாய்ந்து அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். கேமரா எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

அதற்காகத்தான் அவன் சிறைக்குப் போனான். மூடிய கதவுக்குள் அத்தனை வருடம் அடித்ததும் வழக்கில் சேர்ந்தது. கணினியும் சாவியும் என் வாக்குமூலமும் சேர்ந்தன. நீதிமன்றத்தில் 'ரஃபீக் லோக்கல்' என்பதை வாசித்தபோது நான் எழுந்து, அது என் பெயர்தான் என்றேன். முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்தினார். நியாயம்தான். அவளும் அங்கே திரும்பி வரவில்லை. மார்சிலிங் வீடு விற்றாகிவிட்டது. அக்காவும் தங்கையும் இப்போது கிழக்கில் எங்கோ ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்வி. நான் தேடிப் போகவில்லை.

நான் அவளோடு கடைசியாகப் பேசியது அந்தச் சனிக்கிழமை மாலை, மருத்துவமனையில். தங்கையைப் படுக்கவைத்திருந்த வார்டுக்கு வெளியே, புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது. நர்ஸ் வந்து, உள்ளே போகலாம், ஆனால் நோயாளி பேசமுடியாது, தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது என்றார்.

எழுந்தவளை நான் நிறுத்தினேன். "மெயில் நிஜம்னே அவ நினைச்சுட்டு இருக்கட்டும்," என்றேன். "நீ நிஜமாத்தான் கூப்பிட்ட, நீ லேட்டாயிட்ட. அவ்வளவுதான். மத்தது தெரிஞ்சு அவளுக்கு என்ன ஆகப்போவுது?"

என் பக்கம் திரும்பினாள். அறைவாள் என்று நினைத்தேன். அறையவில்லை. உள்ளே போனாள். திரைச்சீலை பாதி திறந்திருந்ததால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலின் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை வரச்சொல்லி நான் எழுதலடி," என்றாள். "அவனை அங்க அனுப்பத்தான் எழுதினேன். நீ வரமாட்டேன்னு நினைச்சேன். நீ யார்கிட்டயும் சொல்லல, அதுவும் எனக்கு முந்தாநாளே தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் உன் பேரை போட்டு எழுதினேன்."

தங்கை அசையாமல் கேட்டாள். கட்டுப் போட்ட முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை நிறைந்து வழிந்தன. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிகிறவரை திருப்பவே இல்லை. அக்கா முட்டி போட்டபடியே இருந்தாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றதும் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. தங்கை முகத்தைத் திருப்பாமலேயே அவள் விரல்களைப் பிடித்த பிடியை விடவில்லை. நர்ஸ் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.